நான் மொழிபெயர்த்த சாட்சியம்

கெல்சென்கிர்ச்சன்,
20.04.1987, திங்கட்கிழமை

அன்புள்ள மச்சாளுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் சிஸ்டர் பிலோமினா, தன் தகப்பனாருக்குச் சுகமில்லை என்று மன்னாருக்கு வருகிறார். அவருடைய செபப் புத்தகத்தின் உறைக்குள் இதை வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். தனியாக இருக்கும்போது வாசியுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கான சட்டைகளையும் றெஜினாவின் சப்பாத்தையும் சிஸ்டர் தனியாகத் தருவார். சப்பாத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் முன்னுக்குத் துணி வைத்துக் கொடுங்கள். ஐந்து வயதுக் கால் எவ்வளவு இருக்கும் என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் சுகம். அவருக்குத்தான் இருமல் இன்னும் விடவில்லை. உணவகத்துக் குசினியில் நாள் முழுக்க ஈரத்தில் நின்று கோப்பை கழுவுகிறார், பிறகு குளிருக்குள் நடந்து வருகிறார். எங்கள் விசாவுக்குப் போன மாதம் இன்னும் ஒரு வருட முத்திரை குத்தித் தந்தார்கள். சித்திரை பிறந்தும் இங்கே காலையில் புல்லின் மேல் வெள்ளையாகக் கிடக்கிறது.

சுகச் செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்துவிட்டேன். பயப்படாதீர்கள் என்று எழுதினால் அது பொய். நான் மூன்று கிழமையாகப் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

கோவிலில் வரும் ஜெர்மன்காரப் பெண்களிடம் பாஷை படித்தேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. முதலில் ஆஸ்பத்திரியில் எங்கள் ஆட்களுக்காகக் கதைத்தேன். சென்ற வருடம் தொடக்கம் அகதிகளை விசாரிக்கும் அலுவலகத்திலும் கூப்பிடுகிறார்கள். அங்கே ஒரு கட்டளை உண்டு. அவர்கள் சொல்வதை அவர்கள் வாயால் சொல்வது போலவே சொல்ல வேண்டும். ஒருவர் "என்னை அடித்தார்கள்" என்றால், "இவரை அடித்தார்களாம்" என்று நான் சொல்லக்கூடாது. "என்னை அடித்தார்கள்" என்றே சொல்ல வேண்டும். எத்தனையோ பேருக்காக நான் அடி வாங்கியிருக்கிறேன், வீடு எரிந்து தெருவில் நின்றிருக்கிறேன், படகு கவிழ்ந்து உப்புத் தண்ணீர் குடித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து குளித்தால் போய்விடும் என்று இருந்தேன்.

பங்குனி முப்பத்தோராம் திகதி செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு ஒரு பொடியனுக்கு விசாரணை. பெயர் ஜேசுரட்ணம். இருபத்து நான்கு வயது. யாரோ தானமாகக் கொடுத்த பெரிய கோட்டு, பொத்தான்களை ஒன்று மாறிப் பூட்டியிருந்தான். விசாரிக்கும் அதிகாரி நரைத்த மனிதர், சத்தம் போடாதவர். என்னை வழக்கம்போல "திருமதி ராசன், மொழிபெயர்ப்பாளர்" என்று அவனுக்கு அறிமுகப்படுத்தினார். அவ்வளவுதான். நான் யாருடைய மகள், யாருடைய தங்கை என்று அவனுக்குத் தெரிய வழியில்லை.

எந்த ஊர் என்று கேட்டார். அவன் நம் ஊரின் பெயரைச் சொன்னான். முகத்தைப் பார்த்தேன். தெரிந்த முகமாக இல்லை. நான் கலியாணம் செய்து வெளிக்கிட்டபோது அவன் சின்னவனாக இருந்திருப்பான் என்று நினைத்தேன். ஏன் நாட்டை விட்டு வந்தாய் என்று கேட்டார். அதற்கு அவன் சொன்னான், "என்ர அண்ணனை இயக்கம் லைற் போஸ்ற்றில கட்டிச் சுட்டது. அடுத்தது நான் எண்டு தேடினவை. அண்ணன்ர பெயர் மரியான் சூசைதாசன்."

மச்சாள், அதை நான் ஜெர்மன் பாஷையில் சொன்னேன். "மைன் புறூடர்" என்றேன். என் அண்ணன் என்று அர்த்தம். என் அண்ணனைக் கட்டிச் சுட்டார்கள், என் அண்ணனின் பெயர் சூசைதாசன். இரண்டு வருடமாக இந்த நாட்டில் யாரிடமும் நான் வாய்விட்டுச் சொல்லாத செய்தியை, அந்த மேசைக்கு முன்னால், வேறு ஒருவனுடைய செய்தியாகச் சொன்னேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதிகாரி தலையைத் தூக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் கேட்டார், உன் தகப்பன் பெயர் வேறு, அண்ணன் என்கிறவருடைய தகப்பன் பெயர் வேறாக இருக்கிறதே என்று. பொடியன் கொஞ்சம் தடுமாறினான். "பெரியம்மான்ர மகன். எங்களில அண்ணன் எண்டுதான் சொல்லுறது" என்றான். அதிகாரி என் பக்கம் திரும்பி, உங்கள் பாஷையில் அப்படிச் சொல்வது வழக்கமா என்று கேட்டார். வழக்கம்தான் என்றேன். அது உண்மைதானே. ஆனால் நம் அம்மாவுக்குக் கூடப்பிறந்தது யாருமில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் வாயால் சொன்ன ஒரு உண்மை அவனுடைய பொய்க்கு முட்டுக் கொடுத்தது.

அப்போதே எழுந்து, ஐயா, இவன் பொய் சொல்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சட்டப்படி அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், அதிகாரி அடுத்துக் கேட்ட கேள்விதான் காரணம். அன்று நடந்ததை நீ பார்த்தாயா என்று கேட்டார். "ஓம், பாத்தனான்" என்றான். மச்சாள், அண்ணனுக்கு அன்று என்ன நடந்தது என்று நம் வீட்டில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. எனக்குக் கேட்க வேண்டும் போல் இருந்தது. அவன் பொய்யனாக இருந்தாலும் சொல்லி முடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தாங்காது என்றால் இந்தப் பந்தியை விட்டுவிடுங்கள்.

அண்ணனைப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறைக்குக் கொண்டுபோனார்களாம். மூன்று பேர் கதிரையில் இருந்தார்களாம். இராணுவ முகாம் வாசலில் இரண்டு நாள் உன்னைக் கண்டிருக்கிறார்கள், ஆருக்குத் தகவல் குடுத்தனி என்று கேட்டார்களாம். முகாமுக்குப் பக்கத்தில்தான் மருந்தகம் இருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல், முதல் நாள் டொக்டர் இல்லை, அடுத்த நாளும் போனேன் என்றாராம் அண்ணன். அரை மணித்தியாலம் திரும்பத் திரும்ப அதையே கேட்டார்களாம். அவரும் அதையே சொன்னாராம். மூவரில் ஒருவருக்கு மனம் இளகி, இந்த ஆளில் குற்றம் இருப்பதாகத் தெரியவில்லை என்றாராம். அதற்குப் பொறுப்பாக இருந்தவர், "பிடிச்ச ஆளை விட்டால் நாளைக்கு ஊர் எங்களுக்குப் பயப்பிடாது. ஒருத்தன் போனால் மற்றவை ஒழுங்கா இருப்பினம்" என்றாராம். மற்றவர் அதற்குப் பிறகு பேசவில்லையாம்.

நாலு மணிக்குச் சந்திக்குக் கொண்டுவந்தார்களாம். கழுத்தில் மட்டை மாட்டினார்களாம். அதில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். கம்பத்தோடு கையைக் கட்டும்போது, அண்ணன் கட்டுகிறவனிடம் மெதுவாகச் சொன்னாராம். "தம்பி, என்ர சைக்கிளில ஒரு பை கொழுவிக் கிடக்கு. அதுக்குள்ள பிள்ளையின்ர மருந்து. வீட்டில குடுத்துவிடு ராசா. மூண்டு வேளை எண்டு சொல்லு."

இதை நான் ஜெர்மனில் சொல்லி முடித்தேன். மூன்று வேளை என்பதையும் சொன்னேன்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, கூட்டத்தைத் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள் என்கிறாய், வகுப்பறைக்குள் பேசியதும் அவர் மெதுவாகச் சொன்னதும் உனக்கு எப்படிக் கேட்டது என்றார். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். மீண்டும் கேட்கும்படி அதிகாரி சொன்னார். மீண்டும் கேட்டேன். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "பக்கத்தில நிண்டனான்" என்றான்.

அண்ணனுக்குப் பக்கத்தில் ஊர்ச்சனம் யாரும் நிற்கவில்லை. மதகுக்கு இந்தப் பக்கம் ஒருவரையும் விடவில்லை என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று எனக்கு அந்த நிமிடம் விளங்கியது. என் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

முடிவில் வழக்கமான கேள்வி. மொழிபெயர்ப்பாளருக்கு இந்த ஆளை முன்பு தெரியுமா. தெரியாது என்றேன். கையெழுத்துப் போட்டேன். டிராமில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, நிலக்கரிச் சுரங்கத்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பி நடந்து வந்தேன்.

வீட்டில் அவருக்கு ஐந்து நாளாகச் சொல்லவில்லை. யார் அழைப்பு மணி அடித்தாலும் அவன்தான் என்று நடுங்கினேன். இயக்கம் அவனை இங்கே எதற்காவது அனுப்பியிருக்குமோ, நான் யார் என்று கண்டுபிடித்தால் உங்களையும் பிள்ளைகளையும் அங்கே என்ன செய்வார்களோ என்று ஒரு பயம். உண்மை தெரிந்தும் கையெழுத்துப் போட்டது வெளியில் வந்தால் எங்களுடைய விசா என்னாகும் என்று இன்னொரு பயம். சுவரில் இருந்த அண்ணனின் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அவர் வந்து, படம் எங்கே என்று கேட்டார். அப்போதுதான் அழுது சொன்னேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே போகப்போவதாக எழும்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து கட்டிலில் இருந்துவிட்டார். "போய் என்னெண்டு சொல்லுறது? நீ பொய்க்கையெழுத்துப் போட்டனி எண்டும் சேத்தோ சொல்லுறது?" என்று கேட்டார்.

குருத்து ஞாயிறு அன்று தமிழ்ப் பூசைக்குப் போனோம். போகாமல் விட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், அந்தப் பயத்தில்தான் போனேன். இங்கே குருத்தோலை கிடையாது. ஏதோ பச்சைச் செடியின் கிளையைத்தான் ஆசீர்வதித்துக் கொடுப்பார்கள். பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது அவன் கிளையும் கையுமாக எனக்கு முன்னால் வந்து நின்றான். "அக்கா, அண்டைக்கு எனக்காகக் கதைச்சதுக்கு நன்றி. உங்கட கதை எங்கட பக்கத்துக் கதை மாதிரிக் கிடக்கு. மன்னாரோ?" என்றான். இல்லை, யாழ்ப்பாணம் என்றேன். "மன்னாரில ஒருத்தரையும் தெரியாதோ? நான் சொன்ன சூசைதாசன் அண்ணையைக் கேள்விப்பட்டிருப்பியள்" என்றான். "எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது" என்றேன்.

மச்சாள், பயத்தில் சொன்னேன். ஆனாலும் சொன்னேன். என்னைத் தோளில் தூக்கி மடுத் திருவிழாவுக்குக் கொண்டுபோன மனிதரைத் தெரியாது என்று, கோவில் வாசலில் நின்று சொன்னேன்.

பெரிய வெள்ளிக்கு எசனிலிருந்தும் கொலோனிலிருந்தும் எங்கள் ஆட்கள் வந்திருந்தார்கள். கோவில் நிறைந்துவிட்டது. ஆண்டவருடைய பாடுகளின் வாசகத்தை ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக் கொடுத்தார் சுவாமி. வாசலைக் காக்கும் வேலைக்காரி, ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலிக்கப்போகும் சீடர் இராயப்பரைப் பார்த்து, நீயும் அவருடைய ஆள்தானே என்று கேட்கும் ஒரு வரி எனக்கு. ஒரே ஒரு வரி. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு காரணமும் கையில் இல்லை. அந்த இடம் வந்தபோது கேட்டேன். இராயப்பருக்கு வாசித்த சின்னத்தம்பி அண்ணை, இல்லை என்று பதில் சொன்னார். முன்வரிசையில் ஆட்கள் இருந்த வாங்கைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு பிலாத்து விசாரிக்கும் இடம். இந்த ஆளில் நான் ஒரு குற்றமும் காணவில்லை என்று பிலாத்து சொன்னதும், சனம் முழுக்க எழுந்து, அவரைச் சிலுவையில் அறையும் என்று சத்தமிட வேண்டும். அது எங்கள் எல்லோருக்குமான வரி. ஊரிலும் ஒவ்வொரு வருடமும் சத்தமிட்டோமே. இரண்டாம் முறை சத்தமிடும்போது பின்வரிசை வாங்கு ஒன்று கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஜேசுரட்ணம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

நான் ஏன் பின்னால் போனேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிள் நிறுத்தும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். என்னைக் கண்டதும், நான் கேட்காமலே சொன்னான். "அக்கா, நான் அங்க சொன்னது பொய். அவர் எனக்கு அண்ணன் இல்லை. அவரைக் கட்டினது நான்தான்."

சுட்டது வேறு ஆள் என்றான். அதைச் சொல்லித் தப்பப் பார்க்கவில்லை, கேட்டபடியால்தான் சொன்னான். பிறகு ஏழு மாதம் இயக்கத்தில் இருந்தானாம். அதற்கு மேல் ஏலாமல் படகில் இராமேஸ்வரம் ஓடினானாம். ஓடினவனை இயக்கம் தேடுகிறது, இயக்கத்தில் இருந்தவன் என்று இராணுவமும் தேடுகிறது. ஏன் சூசைதாசனின் பெயரைச் சொன்னாய் என்று கேட்டேன். "கூட்டிக்கொண்டு வந்தவன், ஒரு சாவைச் சொன்னால்தான் நம்புவினம், ஆரின்ர சாவெண்டாலும் சொல்லு எண்டவன். எனக்கு முழுசாத் தெரிஞ்ச சாவு அது ஒண்டுதான் அக்கா" என்றான்.

அந்தப் பைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அடுத்த நாள் விடியமுன் கொண்டுபோய் வீட்டு வேலியில் கொழுவிவிட்டு ஓடி வந்ததாகச் சொன்னான். கதவைத் தட்டப் பயமாக இருந்ததாம். மூன்று வேளை என்று சொல்ல முடியாமல் போய்விட்டது என்றும் சொன்னான்.

அப்போது நான் சொல்லிவிட்டேன். "சூசைதாசன் என்ர கூடப்பிறந்த அண்ணன்."

அவன் கீழே விழவுமில்லை, காலைப் பிடிக்கவுமில்லை. கம்பியை விட்டுவிட்டு வாயைத் துடைத்தான். பிறகு, "அப்ப அண்டைக்கு ஏன் அக்கா சும்மா இருந்தனீங்கள்?" என்று கேட்டான். நீ சொல்லி முடிக்கட்டும் என்றுதான் என்றேன். உள்ளே எல்லோரும் முழங்காலில் நிற்கும் சத்தம் கேட்டது. ஆண்டவர் உயிர்விடும் இடம் வந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. நாங்கள் இருவரும் மழைக்குள்ளேயே நின்றோம்.

சனிக்கிழமை காலை சுவாமியோடு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அண்ணனின் படத்தை நான் திரும்பவும் சுவரில் மாட்டியிருந்தேன். அவன் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். என் கணவர் கதிரையைக் காட்டி, இரு என்றார், அவ்வளவுதான். நான் தேநீர் போட்டேன். கொண்டுவந்து அவன் கையில் கொடுக்க என்னால் முடியவில்லை. குசினியிலேயே ஆறிக் கிடந்தது.

சுவாமிக்குத் தெரிந்த ஜெர்மன் வழக்கறிஞர் ஒரு பெண். அவருடன் தொலைபேசியில் நான்தான் கதைத்தேன். அவனாகவே போய் முன்பு சொன்னது பொய் என்று சொல்லி, உண்மையைச் சொல்வது ஒன்றே வழி என்றார். அவனுடைய அடுத்த விசாரணைக்கு ஏற்கெனவே வைகாசி இருபத்தாறாம் திகதி தவணை தந்திருக்கிறார்கள், அன்று சொல்லலாமாம். அன்று நான் மொழிபெயர்க்க மாட்டேன், கொலோனிலிருந்து வேறு ஒருவர் வருவார். நான் தெரிந்தும் கையெழுத்துப் போட்டதை என் பங்குக்கு எழுதிக் கொடுக்கும்படி வழக்கறிஞர் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி அந்த வேலை இல்லை. விசா என்னாகும் என்று தெரியாது. எழுதிக் கொடுத்த அன்றுதான் கொஞ்சம் நித்திரை கொண்டேன்.

அவனைத் திருப்பி அனுப்பினால் விமான நிலையத்தில் ஒரு கூட்டமும் ஊரில் மற்றக் கூட்டமும் காத்திருக்கும். ஒருமுறை பொய் சொன்னவனை இரண்டாம் முறை ஏன் நம்ப வேண்டும் என்று இங்கே கேட்பார்களாம். அவன் சொல்வது உண்மை என்று காட்ட அங்கிருந்து ஒரு துண்டு எழுத்தாவது வருமா என்று வழக்கறிஞர் கேட்டார். அந்தக் காலையில் வேலியில் ஒரு மருந்துப் பை இருந்தது என்று, அந்த வீட்டுக்காரர் எழுதினால் போதுமாம்.

மச்சாள், அவன் சாகட்டும் என்று நான் நினைத்த நாள்களும் உண்டு. உங்களிடம் ஒளிக்க மாட்டேன். இப்போது என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதித் தாருங்கள் என்று உங்களைக் கேட்க எனக்கு வாய் இல்லை. எழுதுவதில் உங்களுக்கு என்ன ஆபத்து என்று தெரியாதவளும் இல்லை. கேட்காமல் விட்டால், வகுப்பறையில் வாய் மூடிக்கொண்ட அந்த மனிதரைப் போல் ஆகிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. சிஸ்டர் வைகாசி பன்னிரண்டாம் திகதி திரும்புகிறார். நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டாலும் அது உங்கள் நியாயம், நான் ஒருநாளும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

உங்களைத் தனியே விட்டுவிட்டு இவ்வளவு தூரத்தில் இருப்பதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை அடையாளம் போட்டுவிடுங்கள்.

உங்கள் அன்பு மைத்துனி,
கொறற்றி


மன்னார்,
09.05.1987

அன்பின் கொறற்றிக்கு,

சிஸ்டர் வந்து கடிதத்தைத் தந்தார். சப்பாத்து அளவாக இருக்கிறது, துணி வைக்கத் தேவைப்படவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை. கடிதத்தை எரிக்கச் சொன்னீர். நான்கு நாள் வைத்திருந்து வாசித்துவிட்டு நேற்றுத்தான் எரித்தேன்.

நீர் கேட்டதைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். 1985ஆம் ஆண்டு மாசி மாதம், என் கணவர் இறந்ததற்கு அடுத்த நாள் விடியற்காலையில், எங்கள் வேலியில் ஒரு சீலைப்பை தொங்கியது. அதற்குள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மருந்து ஒரு போத்தல், மருந்தகத்துத் துண்டு ஒட்டியபடி இருந்தது. இதை எழுதினேன். பெயர் போடாமல் விடலாமா என்று யோசித்தேன். பிறகு முழுப்பெயரும் போட்டு, விலாசமும் எழுதினேன்.

அந்தத் தாளில் எழுதாத ஒன்று இருக்கிறது. அந்த மருந்தை நான் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. அவரைக் கொன்றவர்கள்தான் வைத்துவிட்டுப் போனார்கள், நஞ்சாக இருக்கும் என்று நினைத்தேன். கிணற்றடிக்குக் கொண்டுபோய் மண்ணில் ஊற்றினேன். றெஜினாவுக்கு ஆறு நாள் காய்ச்சல் எரிந்தது. அது அவர் வாங்கியது என்று உம்முடைய கடிதத்தில்தான் அறிந்தேன். இரண்டு நாள் போய் வாங்கியிருக்கிறார்.

அந்தப் பொடியனை மன்னித்ததாக நீர் போய்ச் சொல்ல வேண்டாம். அது இப்போது என்னிடம் இல்லை. உண்மை இருந்தது, அதை அனுப்புகிறேன்.

எனக்காக அவனிடம் ஒன்று கேட்டு எழுதும். அன்று பக்கத்து வீட்டுக் கனகவல்லி அக்கா என்னையும் பிள்ளைகளையும் உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினார் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். சுவாமிக்கும் அப்படித்தான் சொன்னேன். கதவு பூட்டப்படவில்லை. சாத்தித்தான் இருந்தது. கையை வைத்தால் திறந்திருக்கும். சந்திக்கு முந்நூறு மீற்றர் தூரம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். வெடிச்சத்தம் கேட்ட பிறகும் எழும்பவில்லை.

கூட்டத்துக்குள் அவர் கண் என்னைத் தேடியதா என்று கேளும். பக்கத்தில் நின்றவன் அவன், அவனுக்குத்தான் தெரியும். தேடினார் என்று சொன்னால் தேடினார் என்றே எழுதும். எனக்காக மாற்ற வேண்டாம்.

மடு மாதா உம்மையும் ராசனையும் காக்கட்டும். அந்தப் பொடியனுக்கும் எங்கேயோ ஒரு தாய் இருப்பாள்.

இப்படிக்கு,
சூ. பேர்பெச்சுவா